வேர்தோண்டியும் நாலு படி அரிசியும்

மனிதர்களில் வேர்தோண்டி என்று ஓர் இனம் உண்டு. கிழங்குக்காகத் தோண்டுகிறவர்களைச் சொல்லவில்லை. அவர்களால் ஊருக்கு உபயோகம் உண்டு. இவர்கள் தோண்டுவது சொற்களை, அதிலும் இங்கிலீஷ் சொற்களை. நீங்கள் பாட்டுக்கு "பஸ் வந்துவிட்டதா?" என்று கேட்டுவிட்டு மூட்டையைத் தூக்குவீர்கள். வேர்தோண்டி உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, பஸ் என்பது லத்தீனில் ஒரு நீளமான சொல்லின் வால் என்றும், உடம்பை எங்கேயோ விட்டுவிட்டு வால் மட்டும் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கிறது என்றும் ஆரம்பித்து, ரோமாபுரி வரை போய்த் திரும்புவதற்குள் பஸ் போயிருக்கும். அடுத்தது மறுநாள்தான். அவருக்கு வருத்தம் இல்லையா? உண்டு. நீங்கள் முழுக்கக் கேட்கவில்லையே என்று.

ஓசூர் தாலுகா கச்சேரிக் குமாஸ்தா சென்னகிருஷ்ணன் இந்த இனத்தில் முதல் தரம். (குமாஸ்தா என்பது பாரசீகச் சொல். அதன் மூலப் பொருள்... வேண்டாம். இது தொற்று வியாதி. எனக்கே லேசாகக் காய்கிறது.) பெங்களூரில் பட்டாளம் இருந்த தண்டுப் பகுதியில், பழைய புத்தகக் கடையில் வாங்கிய, தலையணைக் கனத்தில் ஓர் அகராதி அவரிடம் இருந்தது. கச்சேரியில் அவரிடம் பட்டா கேட்டு வந்த குடியானவர்கள் பட்டா கிடைக்காமல் போனதுண்டு. ஒரு வார்த்தைக்காவது அர்த்தம் கிடைக்காமல் போனதில்லை.

அந்த வியாதியால் பெரிய நஷ்டம் அவர் மகள் ருக்மணிக்கு. முதலில் வந்த வரன் பெங்களூரில் கிளார்க். "கிளார்க் என்றால் ஆதியில் பாதிரியார்" என்று சென்னகிருஷ்ணன் விளக்கப் போக, நம்மைக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர்கள் என்கிறானே என்று பிள்ளை வீட்டார் மோர்கூடக் குடிக்காமல் எழுந்தார்கள். அடுத்த வரனும் அப்படித்தான், வேறொரு சொல்லில் கவிழ்ந்தது. மூன்றாவது வரன் எல்லைக்கு அந்தப் பக்கம், மைசூர் ராஜ்யத்து ஆனேக்கல்லில். அரிசித் தட்டுப்பாட்டுக் காலம் அது. பிள்ளையின் தாய் மங்கம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: பெண் வீட்டு அரிசி தன் வீட்டு உலையில் விழ வேண்டும், இரண்டு அரிசியும் ஒன்றாக வெந்த சோற்றைச் சாப்பிட்டால்தான் நிச்சயம். கிளம்பும்போது ருக்மணி சொன்னாள்:

"அப்பா, அங்க போயி எதுக்கும் அர்த்தம் சொல்லாதீங்க. உங்க கால்ல விழறேன்."

சென்னகிருஷ்ணனுக்கு மனசு கலங்கிவிட்டது. வாயே திறப்பதில்லை என்று சத்தியம் செய்துதான் பஸ் ஏறினார். பக்கத்தில் மனைவி வெங்கடம்மாள். அவள் மடியில் தாம்பூலத் தட்டு, அதன்மேல் மஞ்சள் துணியில் முடிந்த நாலு படி கைக்குத்தல் அரிசி. முன் சீட்டில் லுங்கி வியாபாரி பஷீர் அஹமது.

பெர்மிட் இல்லாமல் எல்லை தாண்டி அரிசி போகக் கூடாது என்பது சட்டம். எல்லாருடைய முடிச்சிலும் கொஞ்சம் அரிசி இருக்கும் என்பது நடப்பு. இரண்டுக்கும் நடுவே எல்லைச் சாவடியில் முனிசாமி என்ற காவலர் நின்றார். அவர் பஸ்ஸுக்குள் தலையை நீட்டி, "அரிசி கிரிசி இருக்கா?" என்பார். பஸ் மொத்தமும் "இல்லீங்க" என்று பஜனை பாடும். பஸ்ஸின் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டி, "செக் ஆச்சு, போ ரைட்" என்பார். ஆண்டவனுக்கும் அரசாங்கத்துக்கும் பொதுவான ஏற்பாடு. அன்றைக்கும் அப்படியே கேட்டார், அப்படியே பாடினார்கள், அப்படியே தட்டினார்.

"செக் ஆச்சு, போ ரைட்."

சென்னகிருஷ்ணனின் தொண்டையில் ஏதோ ஊர்ந்தது. சத்தியம் ஆனேக்கல்லுக்குத்தானே, சாவடிக்கு இல்லையே என்று தோன்றியது. தோன்றியதும் தலையை ஜன்னல் வழியே நீட்டினார்.

"தப்பா நெனைக்காதீங்க. செக்குன்னா என்னான்னு தெரியுங்களா?"

"ஏங்க, சும்மா உட்காருங்க" என்று வெங்கடம்மாள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். யார் கேட்பது? பாரசீகத்தில் ஷா என்றால் அரசன் என்றும், சதுரங்கத்தில் அரசனுக்கு ஆபத்து வந்தால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூவினார்கள் என்றும், அரபியர் வாயிலும் பிரெஞ்சுக்காரர் வாயிலும் விழுந்து புரண்டு அது செக் ஆனது என்றும், மாட்டிய அரசன் அசைய முடியாததால் தடுத்து நிறுத்துவது செக் என்றும், நிறுத்தியவன் சும்மா விடாமல் துருவிப் பார்ப்பதால் சோதனையும் செக் என்றும், கணக்கைச் சரிபார்க்க வைத்த நறுக்கிலிருந்து பாங்கியில் பணம் வாங்கும் செக் வந்தது என்றும், சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் கட்டமாக இருப்பதால் பஷீர் பாயின் மூட்டையில் இருக்கும் லுங்கியும் செக் என்றும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். பஸ்ஸில் நாலு பேர் 'அடேங்கப்பா' என்றார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கைதட்டு வாங்கிய வேர்தோண்டி நிறுத்துவானா?

"ஆக, நீங்க பண்ணது செக் இல்லீங்க. வெறும் எட்டிப் பாக்கறது."

பஸ் சிரித்தது. முனிசாமியின் முகம் கறுத்தது.

"அப்போ இத்தினி வருசமா நான் எட்டிப் பாத்துக்கினுதான் சம்பளம் வாங்கறேன்னு சொல்றீங்க. சரிங்க சார். எல்லாரும் எறங்குங்க. மூட்டையெல்லாம் பிரிங்க. இன்னிக்கி செக் பண்ணியே காட்டறேன்."

பிரித்தார்கள். பஷீரின் லுங்கி மடிப்புகளுக்குள்ளிருந்துகூட அரிசி கொட்டியது. "குமாஸ்தா ஐயா, லுங்கிக்குப் பேரு வந்த கதை நான் கேட்டனா?" என்று அவர் பரிதாபமாகக் கேட்டார். கடைசியில் மஞ்சள் துணி முடிச்சும் அவிழ்ந்தது. வெங்கடம்மாள் ஒரு வாரமாக உலக்கை பிடித்துக் குத்திய அரிசி சாவடிச் சாக்கில் சரசரவென்று விழுந்தபோது, சென்னகிருஷ்ணனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. தவளையும் தன் வாயால்தானே கெடுகிறது என்று எண்ணிக்கொண்டார்.

ஆனேக்கல்லில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. மங்கம்மா தட்டைப் பார்த்தாள். தேங்காயும் வெற்றிலையும் மட்டும் இருந்தன.

"அரிசி எங்க?"

"சாவடியில செக் பண்ணி எடுத்துக்கினாங்க" என்றாள் வெங்கடம்மாள்.

மங்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை அணைக்கப் போனாள். அப்போதுதான் பிள்ளையின் தகப்பனார் வெங்கடசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கண்ணில் ஓர் ஒளி. சவரம் செய்துகொள்ளும் கண்ணாடியில் அந்த ஒளியைச் சென்னகிருஷ்ணன் தினமும் பார்த்திருக்கிறார்.

"செக்! அது எங்கேருந்து வந்த வார்த்த, கொத்தா, தெரியுமா உங்களுக்கு?"

சென்னகிருஷ்ணன் வாயைத் திறந்தார். வெங்கடம்மாள் அரிசி இல்லாத தட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"தெரியாதுங்க" என்றார்.

"அது நம்ம மைசூர் வார்த்தங்க! அந்தக் காலத்துல அரமனையில சதுரங்கம் ஆடறப்ப, காயை வெச்சி ‘செக்’குன்னு ஒரு சத்தம் போடுவாங்க. பக்கத்துல உட்காந்துக்கினு இருந்த வெள்ளக்காரன் அப்பிடியே கப்பல்ல தூக்கிக்கினு போயிட்டான். இங்கிலீசுல அதுக்கு முந்தி அந்த வார்த்தயே கெடயாது!"

பாரசீகத்து ஷாவும், அரபியரும், பிரெஞ்சுக்காரர்களும் சென்னகிருஷ்ணனின் தொண்டைக்குழியில் முட்டிக்கொண்டு நின்றார்கள். ருக்மணி காலில் விழுவதாகச் சொன்ன குரல் நினைவுக்கு வந்தது. அத்தனை பேரையும் ஒரே மிடறில் விழுங்கினார்.

"அப்பிடிங்களா! இத்தினி நாளா இது தெரியாம இருந்துட்டேங்க."

வெங்கடசாமிக்குக் குரல் தழுதழுத்துவிட்டது. அவர் ஆரம்பித்தாலே வீட்டில் ஆளுக்கொரு வேலை வந்துவிடும். ஒரு சொல்லை அவர் முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்த முதல் மனிதர் இவர்தான்.

"மங்கா, அடுப்ப அணைக்காதே! நம்ம குதிருல அரிசி இல்லியா? அந்தத் தட்டுல கொட்டு. தட்டு அவுங்களுது, அப்போ அரிசியும் அவுங்களுதுதான்." பிறகு சென்னகிருஷ்ணன் பக்கம் நெருங்கி உட்கார்ந்துகொண்டார். "சம்பந்தி, பணம் போடற பாங்கின்னா என்னான்னு தெரியுமா?"

ருக்மணி கல்யாணம் நன்றாக நடந்தது; நன்றாகவும் இருக்கிறாள். சென்னகிருஷ்ணன் மட்டும் யுகாதிக்கும் தீபாவளிக்கும் ஆனேக்கல் போய், மைசூரில் பிறந்த இங்கிலீஷ் வார்த்தைகளைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருகிறார். பெண்ணைப் பெற்றவர், வேறென்ன செய்வார்?

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். செக் மைசூரில் பிறந்தது என்று வெங்கடசாமி சொன்னாரே, அந்த இடத்தில் உங்கள் நாக்கு லேசாகத் துடிக்கவில்லையா? துடித்தது என்றால், வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கும் நாளில் மடியில் ஒரு வெறும் தட்டை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.