உயிலுக்குப் பதினோரு சாம்பிள்

மனிதனாகப் பிறந்தவன் ஒருநாள் செத்தே தீரவேண்டும் என்பதை எந்த அரசாணையும் இதுவரை ரத்து செய்யவில்லை. ஆகையால் உயில் எழுதி வைப்பது புத்திசாலித்தனம். அதிலும் திருப்பூரில் இந்த வருடம் உயில் எழுதாத முதலாளி, போன வருடம் மகள் கல்யாணத்துக்கு ட்ரோன் கேமரா விடாத முதலாளி மாதிரிதான். நாலு பேர் நடுவில் தலைகாட்ட முடியாது.

எழுபத்தாறு வயது லிங்கசாமிக்கு இந்த நாகரிகமெல்லாம் பொருட்டல்ல. அவருக்கு நிஜமாகவே ஒரு கவலை இருந்தது. பனியன் கம்பெனியை மகன் குமாரவேலுக்கும், உடுமலைப்பேட்டைத் தென்னந்தோப்பை மகள் கீதாஞ்சலிக்கும் எப்போதோ எழுதிக் கொடுத்தாயிற்று. மிச்சம் பொங்கலூர் வீடு ஒன்றுதான். அதில்தான் அவரும் மனைவி பெரியாத்தாளும் குடியிருக்கிறார்கள். தொழில் கூட்டாளி ஒருவர் காலமானபின் அவருடைய சம்சாரம் ஆறு மாதம் மகன் வீடு, ஆறு மாதம் மகள் வீடு என்று அல்லாடுவதை லிங்கசாமி கண்ணால் பார்த்தார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. பெரியாத்தாளுக்கு அந்தக் கதி வரக்கூடாது.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, "எனக்கப்புறம் பொங்கலூர் வீடு பெரியாத்தாளுக்கு" என்று எழுதினார்.

சட்டப்படி அதன் கீழே அவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் இருந்தால் போதும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இவ்வளவு சுலபமான சட்டத்தை நம் ஆட்கள் யாரும் நம்புவதில்லை. லிங்கசாமியும் நம்பாமல், தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார்.

அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரே வரிதானுங்களா?"

"ஒரே ஊடுதானுங்களே."

"பையன் இருக்கறப்ப சம்சாரத்துக்கா எழுதறீங்க? நல்ல நிதானத்துலதான் இருக்கறீங்களா? எதுக்கும் ஒரு டாக்டர் சர்டிபிகேட் வாங்கீட்டு வாங்க."

செய்தி கேட்ட குமாரவேல் பதறிப்போய் ஒரு நிபுணரை அனுப்பினான். பெயர் நித்தீஷ். கழுத்தில் டை, கையில் டேப்லெட், விசிட்டிங் கார்டில் 'மரபுரிமைத் திட்ட வடிவமைப்பாளர்'. அவன் அந்த ஒற்றை வரியைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"சார், இது உயில் இல்லீங்க. வெறும் தகவலுங்க."

அங்கேதான் லிங்கசாமிக்கு நாற்பது வருடத் தொழில் புத்தி வேலை செய்தது. வெளிநாட்டுக்காரன் ஆர்டர் கொடுத்தால் உடனே துணியை வெட்டிவிட முடியுமா? ஒரு சட்டை தைத்து அனுப்ப வேண்டும். கழுத்து இறக்கம், கை நீளம் என்று அவன் கமென்ட் சொல்லச் சொல்ல மாற்றி மாற்றித் தைத்து, அப்ரூவல் வாங்கியபிறகுதான் கட்டிங்.

"நம்ம முறையிலயே போயிரலாம் கண்ணு," என்றார். "சாம்பிள் போட்டுப் புள்ளைங்க ரெண்டு பேருக்கும் அனுப்பு. அப்ரூவல் வந்தப்பறம் நான் கையெழுத்துப் போடறேன்."

'அப்பா உயில் ஃபைனல்' என்று ஒரு வாட்ஸப் குரூப் உதயமானது.

"அம்மா அங்க தனியா எப்படிங்கப்பா இருக்கும்? பாதுகாப்புன்னு ஒரு வரி சேருங்க," என்றான் குமாரவேல். இரண்டாவது சாம்பிள் தயாரானது.

"பாதுகாப்பு வந்தா பராமரிப்பும் வரோணுமுங்க," என்றாள் கீதாஞ்சலி. மூன்றாவது. பராமரிப்பது யார் என்பதில் நாலும் ஐந்தும் போயின. ஆறாவது சாம்பிளில் குமாரவேலின் மகள் தேஜஸ்ரீ நுழைந்து, எழுத்து வடிவம் பழைய மாடலாக இருப்பதாகச் சொல்ல, அதற்கே பதினைந்து நாள் ஆயிற்று.

பெரியாத்தாளுக்கு மட்டும் யாரும் சாம்பிள் அனுப்பவில்லை. அவர் சரக்கு. சரக்கிடம் போய் யார் அப்ரூவல் கேட்பார்கள்?

பதினோராவது சாம்பிள் நாற்பத்தொரு பக்கம். எல்லோரும் கட்டைவிரல் உயர்த்தினார்கள். லிங்கசாமி ஒன்பதாம் பக்கம்வரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஊடு பெரியாத்தாளுக்குத்தானே கண்ணு?"

"சாராம்சத்துல அம்மாவுக்குத்தானுங்க சார்," என்றான் நித்தீஷ்.

மறுபடி அதே அலுவலகம், அதே அதிகாரி. கட்டின் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்ததுமே அவர் முகம் மலர்ந்தது.

"இதுல என்ன எழுதியிருக்குதுன்னு தெரியுமுங்களா?"

"முழுசாத் தெரியாதுங்க. ஆனா எல்லாரும் அப்ரூவ் பண்ணீட்டாங்க."

"ரொம்ப சந்தோசமுங்க." முத்திரை விழுந்தது.

"டாக்டர் சர்டிபிகேட் கேட்டீங்களேங்க?"

"அது போன தடவைங்க. அப்ப என்ன வேணும்னு நீங்களே சொன்னீங்க. எனக்குச் சந்தேகம் வந்துருச்சு."

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியாத்தாள் அந்த நாற்பத்தொரு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தார். பதினேழாவது ஷரத்தைச் சத்தமாகவே படித்தார்: "மேற்படி பெரியாத்தாள் தை முதல் ஆனி முடிய மகன் இல்லத்திலும், ஆடி முதல் மார்கழி முடிய மகள் இல்லத்திலும் அன்புடன் பராமரிக்கப்படுவார். மேற்படி வீடு வாடகைக்கு விடப்படும்."

லிங்கசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஷரத்தைத் தானும் எட்டிப் படித்தார். எந்தக் கதி வரக்கூடாது என்று கிளம்பினாரோ, அதையே பதிவு செய்துவிட்டு வந்திருக்கிறார்.

பெரியாத்தாள் பீரோவைத் திறந்து ஒரு பழைய பத்திரத்தை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தார். "ஏனுங்க, இந்த இடம் வாங்கறப்ப ஆடிட்டரு என்ன சொன்னாரு? வரி கொறையும், சம்சாரம் பேர்ல வாங்குங்கன்னு சொல்லலீங்களா?"

பத்திரத்தில் பெரியாத்தாள் பெயர்தான் இருந்தது. முப்பத்துநாலு வருடம் வீட்டுவரி கட்டிய ரசீதுகளிலும் அந்தப் பெயர்தான். ரசீதில் தொகையைத் தவிர வேறெதையும் லிங்கசாமி படித்ததில்லை. வீடு யாருடையது என்று மகனும் கேட்கவில்லை, மகளும் கேட்கவில்லை, வடிவமைப்பாளரும் கேட்கவில்லை. அதைக் கேட்பது அதிகாரியின் வேலையே அல்ல.

லிங்கசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்பாடா! ஊடு உன்னோடதுதானா புள்ள! இனி எனக்கொரு கவலையும் இல்லை."

"எனக்குத்தானுங்க இப்பக் கவலை. எனக்கப்பறம் உங்களுக்கு ஒரு வழி பண்ணோணுமல்லங்க?" பெரியாத்தாள் பேனாவைத் திறந்தார். "புதுசா எதுக்குங்க எழுதறது? புள்ளைங்க அப்ரூவ் பண்ணுனதே இருக்குது. பேரை மட்டும் மாத்துனாப் போதும்."

பதினேழாவது ஷரத்தில் பெரியாத்தாள் என்பதை அடித்துவிட்டு, மேலே லிங்கசாமி என்று நிதானமாக எழுதினார்.

லிங்கசாமி மறுத்துச் சொல்ல வாயெடுத்தார்.

"உங்க கையெழுத்தெல்லாம் இதுக்கு வேண்டீதில்லீங்க," என்றார் பெரியாத்தாள். "வெளிய போயி சாட்சிக்கு ரெண்டு பேரை மட்டும் கூட்டீட்டு வாங்க."