தினவு வர்த்தகம்

வேலையை விட்டுவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தேன்.

எனக்குத் தொழிலும் பல்தான். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நான் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு செய்து, ஒவ்வொரு பல்லாகப் பதித்து பல்செட் கட்டித் தருவேன். இத்தனை வருஷம் அடுத்தவர்கள் மெல்லுவதற்கு உழைத்தாயிற்று, இனி நாமும் கொஞ்சம் மெல்லலாமே என்று தோன்றிவிட்டது.

காரணம் எட்டுப் புத்தகங்கள். எட்டுமே டே டிரேடிங் உத்திகளைச் சொல்பவை. காலையில் பங்கு வாங்கி, சாயங்காலத்துக்குள் விற்று, லாபத்தோடு எழுந்துவிட வேண்டியது. ஒவ்வொரு அட்டையிலும் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கையைக் கட்டிக்கொண்டே சம்பாதிக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

புத்தகங்கள் வந்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போது கால் ஆடியது. குளிக்கும்போது விரல்கள் சுவரில் கோடு போட்டன, ஏறி இறங்கி ஏறி. வேலை செய்யும் இடத்தில் ஏப்ரனுக்குள் போனை வைத்துக்கொண்டு, ஒரு பல் பதித்தால் ஒருமுறை சந்தையைப் பார்ப்பேன். அந்த அழகில் ஒரு பெரியவரின் மேல் வரிசையில் கீழ் வரிசைப் பற்களைப் பதித்துவிட்டேன். டாக்டர் போன் செய்தார்.

"அவர் வாயை மூடினா சிரிக்கிற மாதிரி இருக்கு. சிரிச்சா கடிக்க வர்ற மாதிரி இருக்கு. என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

அந்தத் திட்டு கூட எனக்கு உறைக்கவில்லை. கொஞ்ச நாளில் விடப்போகிற வேலைதானே.

என் மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொள்கிறவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார்கள். பக்கத்து சீட்டில் இவள் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். வீட்டிலும் அப்படித்தான். என்ன, வீட்டுப் பிரேக் கண்ணுக்குத் தெரியாது.

வாயைக் கொப்பளித்துவிட்டு சமையலறைக்குப் போய்ச் சொன்னேன்.

"நான் வேலையை விட்டுட்டு வீட்டுலேர்ந்தே தின வர்த்தகம் பண்ணப் போறேன்."

"தினவு வர்த்தகமா? அதானே பார்த்தேன். ஒரு மாசமா உடம்பெல்லாம் அரிப்பெடுத்தவர் மாதிரி அலையறீங்க."

"தினவு இல்லம்மா, தினம். தினமும் பங்கு வாங்கி விக்கறது."

"வீட்டு வேலையில உங்க பங்கை வித்தீங்களே, அந்த மாதிரியா?"

"அதை எப்ப வித்தேன்?"

"கல்யாணமான மறுநாள். வாங்கினவ நான்தான்."

பேச்சை மாற்றினேன். "நம்ம ரெண்டு பேர் பேர்ல பாங்க்ல பணம் இருக்கில்ல."

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அந்தப் பணம் அவள் கனவு. யாருடைய ஸ்கூலிலோ, யாருடைய காரிலோ கற்றுக்கொடுத்தது போதும், சொந்தமாக ஒரு கார் வாங்கி, சொந்தப் பெயரில் போர்டு மாட்ட வேண்டும் என்று நாங்கள் இருவரும் சேர்த்தது. இருவரும் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"அது என் கார் பணம்" என்றாள்.

"அதேதான். இப்ப அது ஒரு கார் பணம். வருஷக் கடைசிக்குள்ள ரெண்டு கார் பணம் ஆக்கிக் காட்டறேன்."

"அரை கார் பணம் ஆயிட்டா? எந்தப் பாதியை வாங்கறது? ஸ்டியரிங் இருக்கற பாதியா, டிக்கி இருக்கற பாதியா?"

பெரிய சண்டைக்குத் தயாராக இருந்தேன். அதற்கான வசனங்கள் கூட வைத்திருந்தேன். ஆனால் அவள் கையைத் துடைத்துக்கொண்டு, மேஜையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நடுவில் பிரித்தாள்.

"'ஆசைப்படுகிற கை பொத்தானை அமுக்கக் கூடாது.' இது நிஜமா?"

"ரொம்ப முக்கியமான விதி. உணர்ச்சிவசப்பட்டா நஷ்டம்தான்."

"அப்ப உங்க போனை என்கிட்ட குடுங்க. நீங்க சொல்லுங்க, நான் அமுக்கறேன். ஒரு வாரம் லீவ் போடுங்க, நானும் போடறேன். பணம் பாங்க்லயே இருக்கட்டும். நீங்க சொன்ன உடனே டிரேடிங் கணக்குக்கு மாத்திடறேன். வெள்ளிக்கிழமை லாபம் வந்திருந்தா, உங்க முதலாளிகிட்ட நானே வந்து சொல்லிடறேன், இவர் இனிமே வர மாட்டார்னு."

நம்ப முடியவில்லை. அவளைக் கூர்ந்து பார்த்தேன். முகத்தில் எதுவும் இல்லை. மாணவன் லாரிக்கு நேராக வண்டியை விடும்போதும் அவள் முகம் அப்படித்தான் இருக்குமாம்.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள். "எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்னு சொல்லணும். சும்மா வாங்குன்னா வாங்க மாட்டேன்."

"நான் மட்டும் சும்மாவா சொல்வேன்?" என்று போனை நீட்டினேன்.

முதலாளியிடம் பல்வலி என்று சொல்லி லீவ் எடுத்தேன். பல்செட் கட்டுகிறவனுக்கே பல்வலி என்றால் எவ்வளவு வலித்திருக்க வேண்டும் என்று அவர் இரக்கப்பட்டார்.

திங்கட்கிழமை சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டர், எட்டுப் புத்தகங்கள், எதிரில் போனோடு அவள். சந்தை திறந்தது. ஒரு பங்கு பச்சைப் பசேலென்று ஏறியது.

"வாங்கு" என்றேன்.

"எந்தப் புத்தகம்?"

"மூணாவது. திறந்ததும் வேகமா ஏறுற பங்கை உடனே பிடிக்கணும்."

"பக்கம்?"

தேடினேன். முன்னால் புரட்டினேன், பின்னால் புரட்டினேன். கிடைத்துவிட்டது. நிமிர்ந்தால் பச்சை சிவப்பாகியிருந்தது.

"இந்த அஞ்சாவது புத்தகத்துல, திறந்து அரைமணி நேரத்துக்கு எதையும் தொடாதேன்னு போட்டிருக்கே" என்றாள்.

"அதை எழுதினது வேற ஆளு."

"ஆள் வேற. சந்தை ஒண்ணுதானே?"

அன்று முழுக்க இப்படியே போயிற்று. நான் வாங்கு என்பேன், அவள் பக்கம் என்பாள். பக்கம் வருவதற்குள் விலை வேறு பக்கம் போயிருக்கும்.

மறுநாள் புத்திசாலித்தனமாக எல்லா முக்கியமான பக்கங்களிலும் வண்ணச் சீட்டு ஒட்டி வைத்துக்கொண்டேன். எட்டுப் புத்தகங்களும் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றன. இப்போது வேறு தொல்லை. எல்லாம் சட்டென்று கிடைத்தது, அதனால் எல்லாம் சண்டை போட்டது. ஏறும்போது வாங்கு என்றது ஒன்று. இறங்கும்போது வாங்கு என்றது இன்னொன்று. கூட்டத்தோடு போ, கூட்டத்துக்கு எதிரே போ, அவசரப்படாதே, தயங்காதே. நான் மேஜைக்கும் பால்கனிக்குமாக நடந்தேன். திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் நாற்காலியில் முட்டி இடித்தது.

"உக்காருங்க" என்றாள். "நீங்க நடக்கற வேகத்துக்கு லைசென்ஸ் எடுக்கணும்."

"விலை போயிட்டிருக்கும்மா."

"போகட்டும், நாளைக்கும் சந்தைக்கு வந்துதானே ஆகணும்?"

புதன்கிழமை இதற்கு முடிவு கட்டுவது என்று எட்டையும் படுக்கையறைக்குத் தூக்கிப் போய்க் கட்டிலில் பரப்பினேன். எது எதோடு ஒத்துப்போகிறது, எது எதை மறுக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு விரல் இரண்டாவதில், ஒரு விரல் ஆறாவதில், நான்காவது முழங்காலுக்கு அடியில். அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, ஒரு விஷயம் கேக்கணும்."

"அப்புறம்."

"இப்பவே சொல்லியாகணும். நான் ஒரு வண்டி பார்த்துட்டு வந்தேன்னு சொன்னேனே, அதை..."

"எது சரின்னு உனக்குத் தோணுதோ அதைச் செய்யேன். கதவைச் சாத்திட்டுப் போ."

"கண்டிப்பாவா?"

"கண்டிப்பா."

எங்கள் வீட்டில் யாரும் அவ்வளவு மெதுவாகக் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை. அப்போதாவது சந்தேகப்பட்டிருக்கலாம். விரல் நழுவினால் பக்கம் போய்விடும் என்ற கவலைதான் இருந்தது.

வியாழக்கிழமை என்னோடு வேலை செய்கிறவன் போன் செய்தான். மெழுகு வேலை பார்ப்பதால் அவனை எல்லோரும் மெழுகு என்றுதான் கூப்பிடுவோம். அவனும் டிரேடிங் செய்கிறவன், ஆனால் ஒரு புத்தகமும் படிக்காதவன். போன் அவளிடம் இருந்ததால் அவளே பேசினாள்.

"அண்ணனுக்கு எப்படிப் போகுது அண்ணி?" என்று அவன் கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

"இதுவரைக்கும் ஒரு ரூபா கூட நஷ்டம் இல்லை."

"நஷ்டமே இல்லாமலா? நான் மாசாமாசம் உருகிட்டிருக்கேன் அண்ணி. அந்தப் புத்தகத்துல ஒண்ணை இரவல் தரச் சொல்லுங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்பதுதான் அதில் விசேஷம்.

வெள்ளிக்கிழமை அது நடந்தது. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சிமென்ட் கம்பெனிப் பங்கு. ஏறுகிறதை வாங்கச் சொன்ன புத்தகத்துக்கு அது ஏறிக்கொண்டிருந்தது. இறங்கினதை வாங்கச் சொன்ன புத்தகத்துக்கு அது காலையில் நன்றாக இறங்கியிருந்தது. கூட்டம், எதிர்க்கூட்டம், பொறுமை, துணிச்சல், எல்லாம் பொருந்தியது. ஒவ்வொரு புத்தகமாகப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன். எட்டும் வாங்கச் சொன்னது.

"எட்டும்" என்றேன். "பக்கம் சொல்லவா?"

"வேண்டாம். நானே பார்த்துட்டேன். எட்டும்தான்."

"அப்ப வாங்கு. இருக்கற பணம் எல்லாத்துக்கும்."

"முடியாதுங்க."

"ஏன்?"

"பணம் இல்லை."

"எங்க போச்சு?"

"கீழ நிக்குது."

பால்கனிக்கு ஓடினேன். வாசலில் ஒரு சின்ன வெள்ளைக் கார் நின்றது. கார் கம்பெனி ஆள் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூரைமேல் போர்டு. போர்டில் என் மனைவியின் பெயர். எங்கள் வீட்டுக் கேஸ் பில்லில் கூட நான் அந்தப் பெயரைப் பார்த்ததில்லை.

"புதன்கிழமையே கட்டிட்டேன்" என்றாள் பின்னாலிருந்து. "எது சரின்னு தோணுதோ செய்யுன்னு நீங்கதானே சொன்னீங்க. பாங்க்லேர்ந்து ரகசிய எண் உங்க போனுக்குத்தான் வந்துச்சு. உங்க போன் என்கிட்ட இருந்துச்சு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. "இது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"நாலாவது. பக்கம் அறுபத்தாறு. 'பணத்தை ஒரே இடத்தில் தூங்கவிடாதே.'"

கோபத்தில் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். என் சிமென்ட் எவ்வளவு ஏறுகிறது என்று அவளிடம் காட்டி, ஆயுசுக்கும் சொல்லிக்காட்ட வேண்டும் என்று திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். அவள் கீழே போய்விட்டாள். சாயங்காலம் சந்தை மூடிய பிறகு, கம்ப்யூட்டரையும் மூடிவிட்டு நானும் இறங்கிப் போனேன்.

அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தன்னுடைய பிரேக்கை மெதுவாக ஒருமுறை மிதித்தாள். விட்டாள். மறுபடி மிதித்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. என் கோபம் எங்கே போயிற்றென்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்ப அந்த எட்டுப் புத்தகமும் தண்டமா?"

"தண்டமா? அது இல்லேன்னா நீங்க திங்கக்கிழமை காலையிலயே வாங்கியிருப்பீங்க. ஒவ்வொண்ணும் தங்கம்ங்க. நாளைக்கு அட்டை போட்டு வைக்கறேன். ஏறுங்க, உங்களுக்குத்தான் முதல் பாடம்."

ஸ்டியரிங் பக்கம் ஏறி உட்கார்ந்தேன். எங்கே கையை வைப்பது, எங்கே காலை வைப்பது என்று தெரியாமல் நெளிந்துகொண்டிருந்தேன்.

"அந்த சிமென்ட் பங்கு என்னாச்சு?" என்று கேட்டாள்.

"தெரியல" என்றேன். "நான் பாக்கல."

"நான் பார்த்தேன், அதலபாதாளத்துல கிடக்கு. சீட் பெல்ட்டைப் போடுங்க."