கருப்புக் கட்டத்துக்குள் என் பெயர்

எதையாவது தானாக நடக்கும்படி செய்துவைத்துவிட்டால் மனிதனுக்கு ஒரு திமிர் வந்துவிடுகிறது. எனக்கு அந்தத் திமிர் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயத்தில் வந்தது. இரண்டும் சேர்ந்தால் ஒருவனைப் பிடிக்க முடியுமா?

செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் காலனி. குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு இணையதளம் உண்டு. அதை ஓசியில் செய்துகொடுத்த இளிச்சவாயன் நான். (தெருவில் சாப்ட்வேர்காரன் ஒருவன் இருந்தால் டிவி ரிமோட் வரைக்கும் அவன் தலையில்தான்.) ஒருநாள் சங்கச் செயலாளர் பார்த்தசாரதி சார் வந்து நின்றார். முதல் தெருவில் ஒருவர் இறந்த செய்தியைப் பாதிப் பேர் கவனிக்கவே இல்லையாம், அந்த வீட்டில் வருத்தமாம்.

"தண்ணி லாரி வர்றதும் நீலக் கலர்ல கோடு போட்டிருக்கு, ஆள் போனதும் நீலக் கலர்ல கோடு போட்டிருக்கு. எப்படிப்பா வித்தியாசம் தெரியும்?"

நியாயமான கேள்வி. அன்றைக்கே ஒரு விதி எழுதினேன். இரங்கல் பகுதியில் இருக்கும் எந்தப் பக்கத்துக்கு முகப்பில் லிங்க் வந்தாலும், அதைச் சுற்றித் தானாகவே கருப்புக் கட்டம் விழும், பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். யாரும் கைவைக்க வேண்டாம். விளக்கின் சுடர் லேசாக ஆடும்படிகூடச் செய்திருந்தேன். எனக்கு நிச்சயமாகியிருந்த சுகந்தியிடம் போனில் அதைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் பேச எனக்குக் கிடைத்த விஷயம் அதுதான். "சூப்பருங்க" என்றாள். பாவம்.

சுகந்தி பொழிச்சலூர்ப் பெண், கணக்கு டீச்சர். அதற்கு முன் எனக்குத் தட்டிப்போன வரன்களைச் சொல்லத் தொடங்கினால் இந்தக் கட்டுரை போதாது. பெண் பார்க்கப் போன இடத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தவள் இவள் ஒருத்திதான். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது.

காலனி முழுக்கத் தெரிய வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. கல்யாணச் செய்தியைப் பார்த்தசாரதி சாரிடம் கொடுத்தேன். அவர் அரசு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர், புதிதாக எதையும் தொடங்க மாட்டார். கடைசியாகப் போட்ட பக்கத்தை அப்படியே நகலெடுத்து, பெயரை மாற்றி, வேண்டாததை அழித்துவிடுவார். (ஆபீசில் காலமெல்லாம் இப்படித்தான் கடிதம் எழுதினாராம்.) அவர் கடைசியாகப் போட்டிருந்தது ஒரு இரங்கல் செய்தி. உள்ளே என் அழைப்பிதழ் பிள்ளையாரோடு அம்சமாக இருந்தது, ஆனால் அந்தப் பக்கம் கிடந்தது இரங்கல் பகுதியில். முகப்பில் "செல்வன் முரளி, மூன்றாவது குறுக்குத் தெரு" என்ற லிங்க்கைச் சுற்றி என் விதி தன் கடமையைச் செய்துவிட்டது. சுடரும் ஆடியது.

திறந்து பார்த்தால் தெரிந்திருக்குமே என்பீர்கள். எங்கள் காலனியில் யாரும் எந்த லிங்க்கையும் திறக்க மாட்டார்கள். திறந்தால் பேங்க்கில் இருப்பதெல்லாம் போய்விடும் என்று சங்கக் கூட்டத்தில் மைக் பிடித்துப் பயமுறுத்தியவன் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தலைக்கு டை அடித்துக்கொண்டு குளியலறையில் இருந்தேன். (மாப்பிள்ளைக்கு நரை. வேறென்ன செய்ய?) கூடத்தில் ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. கல்யாணம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று அம்மா காபி கலந்து நீட்டியிருக்கிறாள்.

"காபியெல்லாம் வேணாம்க்கா. நீங்க முதல்ல ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார் பக்கத்து வீட்டு லதா அக்கா.

"கல்யாண வேலையில சாப்பாடு எங்க இறங்குது லதா? பட்டுப்புடவை எடுத்து வெச்சிருக்கேன், பார்க்கிறியா?"

லதா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாராம். அம்மாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று மற்றவர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் ஒவ்வொருவராக எழுந்து நடையைக் கட்டினார்கள். சாவு வீட்டிலிருந்து அப்படித்தான் கிளம்புவார்கள். அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்?

"டேய் முரளி, வந்தவங்க ஒருத்தர்கூடச் சொல்லிக்காம போறாங்கடா! என்ன மரியாதை இது?"

தலையிலிருந்து கருப்பு வழிய, இடுப்பில் துண்டோடு வெளியே வந்தேன். லதா அக்கா போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது.

அதற்குள் முகப்பைப் படம் பிடித்து யாரோ வாட்ஸ்அப்பில் போட, இரண்டாவது தெருவில் இருந்த சுகந்தியின் பெரியம்மா அதைப் பொழிச்சலூருக்கு அனுப்பிவிட்டார். சார்ஜில் கிடந்த என் போன் அடித்து அடித்து ஓய்ந்திருந்தது. நான் அவசரமாக ஒரு சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சுகந்தி இறங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"போனை எடுக்கக் கூடாதா நீங்க?" என்று கைப்பையால் என் தோளில் ஓங்கி ஒரு அடி. அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

"இன்னா சார், நல்லாத்தான கீற?" என்றார் ஆட்டோக்காரர். "வழியெல்லாம் அழுதுகினே வந்துச்சு சார் இந்தப் பொண்ணு. எனக்கே பேஜாராப் பூடுச்சு."

எனக்காக ஒருத்தி அப்படி அழுவாள் என்று நான் நினைத்ததே இல்லை. அந்தச் சில நிமிடங்கள் நான் ராஜாவாக இருந்தேன்.

அந்த அழுகைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. கருப்புக் கட்டத்தை அவள் அம்மா மன்னித்துவிட்டார். கம்ப்யூட்டர் கோளாறு என்று நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டார். ஆனால் தாலி ஏறுவதற்கு முன்பே, புகப்போகிற வீட்டின் வாசலில் நின்று பெண் ஒப்பாரி வைத்துவிட்டாள்.

"அபசகுனம் என் பொண்ணு வாயாலயே நடந்துடுச்சு தம்பி. எனக்கு மனசு ஒப்பலை" என்றார்.

சுகந்தி ஒரே ஒரு முறை போன் செய்தாள். "அம்மா சாப்பிடவே மாட்டேங்கிறாங்க" என்றாள். "பரவாயில்லைங்க" என்றேன். சண்டை போட்டிருக்க வேண்டும். மரியாதை பார்த்து நாசமாய்ப் போனேன். அதற்குப் பிறகு அம்மா கொண்டுவந்த ஜாதகம் ஒன்றையும் நான் தொடவில்லை.

பார்த்தசாரதி சார் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "உள்ள நான் போட்டதெல்லாம் கரெக்ட். வெளியில கருப்பு போட்டது முரளியோட புரோகிராம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த விதியை எடுக்கவும் விடவில்லை, பார்க்க லட்சணமாக இருக்கிறதாம்.

என் தங்கை வித்யா விசேஷங்களில் என்னை அறிமுகப்படுத்துவது இப்படித்தான்: "இவர் எங்க அண்ணன். ஒரு தடவை காலமானவர்." அன்று அவள் ஊரிலேயே இல்லை, ஆனாலும் காபி, டை, லதா அக்காவின் அலறல் எல்லாவற்றையும் நடித்தே காட்டுவாள். போன மாதம் சிட்லபாக்கத்தில் ஒரு வளைகாப்பு. புதுச் சம்பந்தி ஒருவர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "சரி, கல்யாணம் நிச்சயமாயிருந்துச்சே, அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

இதுவரை யாரும் கேட்டதில்லை. வித்யாவின் கதையில் பெண் கிடையாது. ஆட்டோ வருவதற்கு முன்பே முடித்துவிடுவாள், அங்கேதான் நன்றாகச் சிரிக்கிறார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

"நல்லா இருக்காங்க" என்றேன். எனக்குத் தெரியாது.