நடுநிலைக் கவசம்

பட்டறைத் தொழிலாளர்களின் முகங்களைக் காக்கும் பொறுப்பை அரசாங்கம் ஒரு குழுவிடம் ஒப்படைத்தது. அந்த முகங்களுக்கு அன்றே ஆபத்து தொடங்கிவிட்டது.

இரும்பைத் தேய்க்கும் கிரைண்டிங் வேலை செய்பவர்கள் முகத்துக்கு முன்னால் மாட்டும் பிளாஸ்டிக் கவசம் அடிக்கடி விரிசல் விட்டது. குழுவில் இருந்த ஆய்வுக்கூடத்து அம்மாள் வழி கண்டுபிடித்தாள். வார்க்கும்போது எண்ணெய் மாதிரி ஒரு திரவத்தைத் தாராளமாகச் சேர்த்தால் கவசம் வளைந்துகொடுக்கும், உடையாது. அவளுக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. வீட்டுக்காரருக்கு அதே கிரைண்டிங் வேலைதான்.

குழுவில் சுத்தம் சார் மறுத்தார். குடிக்கும் தண்ணீர் முதல் உட்காரும் நாற்காலி வரை எதிலும் எதுவும் சேர்க்கப்படவில்லை என்று சீட்டு ஒட்டியிருக்க வேண்டும் அவருக்கு. இப்போது அதுதானே நாகரிகம்.

"ஒரு சொட்டுகூடக் கூடாது" என்றார்.

குழுத் தலைவர் நடுநிலைக்குப் பேர்போனவர். இரு தரப்புக்கும் மனவருத்தம் நேராவண்ணம், "பாதி சேர்த்துடுவோம்" என்றார்.

அம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், பாதிதான் ஆபத்து. பிளாஸ்டிக்குள்ள நீளநீளமா இழைங்க. நடுவுல இருக்கிற சந்துல அசைஞ்சுதான் அடியைத் தாங்குது. கொஞ்சமா ஊத்தினா அது சந்துல போய் அடைச்சுக்கும், இழை அசையாது. நிறைய ஊத்தினாத்தான் இழைங்க விலகி வழுக்கும்."

"கொஞ்சம் ஊத்தினா கொஞ்சமாவது நல்லது நடக்கணுமே?"

"சும்மா விட்டதைவிட மோசமாகும் சார்."

"கணக்கு உதைக்குதேம்மா."

அவள் ஒவ்வொரு அளவுக்கும் ஒன்றாக வார்த்த மூன்று தகடுகளை மேசையில் வைத்தாள். தலைவர் நகத்தால் அழுத்திப் பார்த்து, பாதி கலந்ததைத் தட்டிக்கொடுத்தார். "இதுதான் கல்லு மாதிரி இருக்கு."

அவள் சுத்தியலை எடுத்தாள். எதுவும் சேர்க்காதது விரிசல் விட்டது. முழு அளவு சேர்த்தது வளைந்தது. பாதி கலந்தது சுக்குநூறாகி, ஒரு துண்டு தலைவரின் டீயில் விழுந்தது. தலைவர் அதை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்: "சுத்தியலால அடிக்கச் சொல்லி விதியில இருக்கா?"

இல்லை. ஆகவே, கடினத்தில் பாதிக் கலவை முதலிடம் பெற்றதாகவும், சுத்தியல் குழுவின் பணிவரம்புக்கு அப்பாற்பட்டதாகவும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அந்த ஒரு மனதில் அவள் மனமும் தேவைப்பட்டது.

"தூரத்துல ஒரு ஆய்வுக்கூடத்துக்கு ஆள் கேட்கிறாங்களாம்" என்றார் தலைவர், வாஞ்சையாக.

அவள் கையெழுத்துப் போட்டாள். கோழை என்று திட்டலாம்தான். திட்டுமுன் அவரவர் போட்ட கையெழுத்துகளைக் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது. தன் வீட்டுக்காரரை மட்டும் தடுத்துவிட்டால் போதும் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

கவசங்கள் பட்டறைக்குப் போய்ச்சேர்ந்த செய்தி வந்த அன்று, அவர் செருப்பைக் கழற்றுமுன்னே சொன்னாள்: "புதுசைப் போடாதீங்க. பழசையே மாட்டிக்குங்க."

"பழசையெல்லாம் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்களே" என்றார் அவர். "புதுசைத் தொடமாட்டோம்னு எல்லாரும் முரண்டு பிடிச்சாங்க. என் வீட்டுக்காரி கையெழுத்துப் போட்டிருக்கா, கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்னு சொல்லி, நான்தான் ஒவ்வொருத்தனுக்கா மாட்டிவிட்டேன்."