ஆத்தா இறங்கிய கம்ப்யூட்டர்

2001-ஆம் ஆண்டு ஆடி மாதம் ஆத்தா வேப்பமரத்தில் இறங்கவில்லை, புற்றிலும் இறங்கவில்லை. சிங்கப்பெருமாள் கோயிலில், மூடிப்போன ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இருந்த கம்ப்யூட்டரில் இறங்கினாள். கம்பெனி பஸ் போனால் போகட்டும் என்று மறைமலைநகர் ஷிப்ட் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கடப்பாக்கத்து மீன்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். காலம் முன்னேறுகிறது அல்லவா, ஆத்தாளும் முன்னேற வேண்டாமா?

அருள்வாக்கு சொன்னவர் அக்கினிச் சித்தர். பள்ளிக்கூடத்தில் அவர் பெயர் கலைவாணன். பக்தர் கேள்வி கேட்டதும் சித்தர் கண்ணை மூடுவார். மவுஸை மூடியிருக்கும் மஞ்சள் துணிக்குள் கையை விடுவார். உடனே திரையில் எழுத்துகள் தீப்பிடித்துச் சுழன்று எழும். ‘கவலை விடு.’ ‘காரியம் கைகூடும்.’ யாருக்கும் பொருந்துகிற பதிலாகப் பார்த்துத்தான் ஆத்தா எரிவாள்.

“இந்தப் பொட்டில மட்டும்தான் ஆத்தா எறங்குவா. இன்னொரு பொட்டில எழுதினதக் கொணாந்து இதுல போட்டா, வெடிச்சிடும்!” என்பார் சித்தர். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

காசியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நெருப்பு தெரியும். அவள் மகன் வாசுதேவனுக்குக் காசநோய். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் ஆறு மாதம் மாத்திரை சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். நான்கு மாதம் சாப்பிட்டு உடம்பு தேறி வரும்போது, ‘மருந்தை விடு, தீர்த்தம் எடு’ என்று ஆத்தா எரிந்தாள்; சித்தர் படித்துச் சொன்னார். காசியம்மாள் மாத்திரையை நிறுத்தினாள். மூன்றே வாரத்தில் இருமல் திரும்பிவிட்டது. நேற்று அவன் கைக்குட்டையைத் துவைக்கும்போது ரத்தம் பார்த்தாள். ஆனாலும் சித்தர் விற்கும் தீர்த்தத்தில் இன்னொரு பாட்டில் வாங்கத்தான் கிளம்பினாள்.

வழியில் மறித்தாள் பக்கத்து வீட்டுப் பிரிசில்லா. இன்டர்நெட் விளம்பரம் செய்யும் ஆபீசில் வேலை பார்ப்பவள்.

“இன்னா காசிம்மா, மாத்திர போடாம புள்ளயக் கொல்லப் போறியா?”

“ஆத்தாளே எழுதிக் காட்டுனா பாப்பா. நெருப்புல!”

“அந்த நெருப்ப எங்க ஆபீஸ்ல நான் தெனம் பத்து வாட்டி பத்த வெக்கிறேன். வா, காட்டுறேன்.”

ஆபீசில் இருந்தது மேக் கம்ப்யூட்டர். பிரிசில்லா ஏதோ தட்டினாள், ‘தீ’ என்ற பொத்தானை அமுக்கினாள். அமெரிக்கச் செருப்புக்கடைத் தள்ளுபடி விளம்பரம் கொழுந்துவிட்டு எரிந்தது.

காசியம்மாள் அசரவில்லை. “இது வேற பொட்டி. வேற ஜாதி. இதுல எரியறது செருப்புக் கட. அதுல எரியறது ஆத்தா.”

பிரிசில்லா வந்த கோபத்தில் ஒரு வரியை அடித்து, அதற்கும் தீ வைத்து, பிளாப்பி டிஸ்கில் ஏற்றிக்கொண்டு, அவளையும் இழுத்துக்கொண்டு நேராகச் சித்தரிடம் போனாள்.

“சாமி, இது எங்க ஆபீஸ் பொட்டில எழுதினது. உங்க பொட்டில போடட்டா?”

“வெடிக்கும்!” என்றார் சித்தர். பிளாப்பியைப் பறிக்க எழுந்தார்.

கூட்டம் நாலடி பின்வாங்கியது. பின்வாங்கிய இடத்திலிருந்து, “போடு, பாக்கலாம்!” என்று தைரியமும் சொன்னது.

பிரிசில்லா போட்டாள். வெடிக்கவில்லை. அங்கே எரிந்த அதே தீ இங்கேயும் எரிந்தது: ‘கலைவாணன் பொய் சொல்கிறான்.’

உடனே கூட்டம் என்ன செய்தது என்கிறீர்கள்? தடாலென்று காலில் விழுந்தது. கம்ப்யூட்டரின் காலில்! “ஆத்தாளே காட்டிக் குட்த்துட்டா!”

“அட, எந்திரிங்க! நான் எழுதினதுயா அது! இது வெறும் சாப்ட்வேர். எந்தப் பொட்டில போட்டாலும் எரியும். இந்தாளு பொட்டிலயும் அதே சாப்ட்வேர்தான் கீது. எதுனா சொல்லுங்க, எரிய வுடுறேன்.”

காசியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“எம் புள்ள பேர எழுது. வாசுதேவன்,” என்றாள் காசியம்மாள்.

பிரிசில்லா எழுதி, பொத்தானை அமுக்கினாள். வாசுதேவன் திகுதிகுவென்று எரிந்தான். காசியம்மாளுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், எரிவது எவன் பெயர் என்று தெரியும்.

“அணச்சுடு பாப்பா, அணச்சுடு!” என்று அலறினாள்.

ஒரே தட்டில் தீ அணைந்தது.

“இவ்ளோதானா?”

“இவ்ளோதான்.”

“இவ்ளோதானா!” என்று இரண்டாம் முறை கேட்டபோது அவள் சித்தரைப் பார்த்துக் கேட்டாள். சித்தர் அதற்குள் பின்வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த தீர்த்தப் பாட்டில் காசியம்மாள் கையிலிருந்து பறந்து போய் அவர் முதுகில் பட்டது. ஆத்தா காப்பாற்ற வரவில்லை.

காசியம்மாள் மகனை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடிக்கத் திரும்பினாள். அதற்குள் பட்டுப்புடவை அம்மாள் ஒருத்தி பிரிசில்லாவின் முன்னால் பயபக்தியோடு கைகூப்பினாள்.

“தாயி, எம் பொண்ணுக்கு எப்போ கல்யாணம் ஆவும்? ஒரு வாட்டி எரிய வுட்டுச் சொல்லேன்!”

பிரிசில்லா தலையில் அடித்துக்கொண்டாள். வாசலிலிருந்து காசியம்மாள்தான் பதில் சொன்னாள்:

“உம் பொண்ணுக்குத் தெரியாததா இந்தப் பொட்டிக்குத் தெரியும்? வூட்டுக்குப் போய் அவளக் கேளு. நான் டாக்டரக் கேக்கப் போறேன்.”