ஒரு பெஞ்சை அகற்றி நான் உயர்ந்த வரலாறு

மனித குலத்தின் துயரம் தீர மூன்று பொருள்கள் போதும்: ஒரு படிவம், ஒரு டோக்கன், உளவியலில் பட்டம் பெற்ற ஓர் ஆசாமி. முதல் இரண்டும் எந்த அச்சகத்திலும் கிடைக்கும். மூன்றாவது நான்.

பட்டம் வாங்கிய கையோடு சமூக சேவையில் குதித்தேன். "சேவையா? அதுல எங்கடா முன்னுக்கு வர்றது?" என்று உறவினர்கள் உச்சுக்கொட்டினார்கள். விவரம் தெரியாதவர்கள். சேவையில் ஏணி இருக்கிறது. முதல் படியில் நிற்பவர் துயரப்பட்டவர்களோடு பேசுகிறார். இரண்டாம் படிக்காரர் அப்படிப் பேசுகிறவர்களோடு பேசுகிறார். மூன்றாம் படிக்காரர் எத்தனை பேர் பேசினார்கள் என்று அட்டவணை போடுகிறார். நான்காம் படிக்காரருக்குத் தனி லிஃப்ட் உண்டு. துயரப்பட்டவர் யாரும் அவர் கண்ணில் பட மாட்டார். ஐந்தே ஆண்டில் நான் அந்த லிஃப்டில் ஏறினேன். எப்படி என்பதை இளைஞர்களின் நன்மைக்காக எழுதிவைக்கிறேன்.

எங்கள் மன ஆறுதல் மையம் மூன்று மாடிக் கட்டடம். தரைத்தளத்தில் காத்திருக்கும் கூடம். அங்கே, பெயர் தெரியாத தச்சர் ஒருவர் மூன்று சுவர்களையும் ஒட்டி 'ப' வடிவத்தில் அடித்துவைத்த ஒரு நீளமான மரப் பெஞ்சு. அதில் உட்கார்ந்தால் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போக வேண்டும். உள்ளே கவுன்சலர் எண்பத்து நான்கு கேள்விகள் கொண்ட படிவத்தோடு இருப்பார்.

அந்தப் படிவத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விடைகள்: ஆம், இல்லை, பொருந்தாது. முதல் இரண்டையும் மனிதன் எந்தக் காலத்திலோ கண்டுபிடித்துவிட்டான். மூன்றாவது எங்கள் துறையின் கொடை. ஒருவர் எண்பத்து நான்கு கேள்விகளுக்கும் 'பொருந்தாது' என்று போட்டுவிட்டுப் போனார். அவரைப் பூரண குணமடைந்தவர் என்று பதிவு செய்தோம்.

இப்படி எல்லாம் செவ்வனே நடந்துகொண்டிருக்கையில் ஒரு பேரிடர் வந்தது. டைரக்டர் மேடம் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"ஒரு நாளைக்கு அறுபது டோக்கன் குடுக்கறோம். கூப்பிட்டா இருபத்திரண்டு பேரைக் காணோம். எங்க போறாங்க?"

"காத்திருந்து அலுத்துப் போயிருப்பாங்க மேடம்" என்றார் புள்ளிவிவர அதிகாரி.

டோக்கன் கொடுக்கும் அம்மாள் கையைத் தூக்கினார். "அலுத்துப் போறவங்க அரை மணியில போயிடுவாங்க மேடம். இவங்க மூணு மணி நேரம் நல்லா உட்கார்ந்துட்டு, அப்புறம் சிரிச்சுக்கிட்டே போறாங்க."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"சிரிச்சுக்கிட்டேவா?"

"ஆமா மேடம்."

"உள்ள வராமலேவா? யாரைக் கேட்டுச் சிரிக்கிறாங்க?"

ஒரு நபர் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அந்த நபர் நான்தான். மாடிப்படியின் திருப்பத்தில் நின்று கூடத்தைக் கண்காணித்தேன். அங்கிருந்து பார்த்தால் தலைகளும் மடிகளும்தான் தெரியும், முகங்கள் தெரியாது. ஆராய்ச்சிக்கு அது போதும்.

ஒரு வழுக்கைத் தலை பேசியது. ஓய்வு பெற்ற பஸ் டிரைவராம். "எம்பையன் எங்கூடப் பேசி ரெண்டு வருஷம் ஆச்சும்மா."

பக்கத்தில் ஒரு கொண்டை. நர்ஸ் வேலை பார்க்கும் பெண். "நீங்க பேசினீங்களாய்யா?"

"நான் எதுக்குப் பேசணும்? நான் அப்பன்."

"அப்ப சரி. ரெண்டு பேருமா சேர்ந்து பேசாம இருங்க. அதுலயாவது ஒத்துமையா இருக்கீங்களே."

பெஞ்சு முழுவதும் சிரித்தது. வழுக்கைத் தலையும் சிரித்தது. பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தது. டோக்கன் எண் பதினேழு பெஞ்சிலேயே கிடந்தது. உள்ளே கவுன்சலர் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். அவருடைய ஏமாற்றத்தை யார் தீர்ப்பது?

மூலையில் ஒரு நரைத்த தலை. மடியில் பச்சைத் துணிப்பை. ஜிப் போன இடத்தில் பெரிய ஊக்கு. அந்த அம்மாள் மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், ஏறக்குறைய ஒரு மணி நேரம். யாரும் குறுக்கே பேசவில்லை. ஒரு கை தண்ணீர் பாட்டிலை நீட்டியது. என் குறிப்பேட்டில் எழுதினேன்: 'அனுமதியின்றித் தண்ணீர் வழங்கப்பட்டது.'

இந்த இடத்தில் என் குடும்ப வாழ்க்கையையும் சொல்லியாக வேண்டும். அத்தான் இறந்தபின் அக்கா என்னோடுதான் இருந்தாள். என்னைத் தூக்கி வளர்த்தவள். காலையில் இரண்டு டம்ளர் டீ போடுவாள். ஒன்றைக் குடிப்பாள். இன்னொன்று மேசையில் ஆறி ஆடை கட்டும். பிறகு எடுத்துக் கொட்டுவாள். ஒரு நாள், "ராத்திரியெல்லாம் தூக்கமே வரலடா, உங்க அத்தான்..." என்று தொடங்கினாள். நான் சும்மா இருப்பேனா? 'இழப்பைக் கடக்க ஒன்பது வழிகள்' என்ற எங்கள் மையத்தின் கையேட்டை உடனே எடுத்துக் கொடுத்துவிட்டு, மீட்டிங்குக்குக் கிளம்பினேன். இரண்டே மாதம். அக்கா ஒரு டம்ளர் டீதான் போட ஆரம்பித்தாள். துணி காயப்போடும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். கையேட்டின் மகிமையை எண்ணி எனக்குக் கண் கலங்கியது.

விசாரணை அறிக்கையை மேடத்திடம் சமர்ப்பித்தேன். சுருக்கம் இது: 'தகுதிச் சான்றிதழ் இல்லாத நபர்கள், படிவம் எதுவும் நிரப்பாமல், ஒருவருக்கொருவர் நேரடியாக ஆறுதல் வழங்கிவருகின்றனர். இதற்கு மேற்படி பெஞ்சு உடந்தை.'

மேடம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அந்தப் பெஞ்சு எத்தனை நாளா இங்க இருக்கு?"

"கட்டடம் கட்டினதுலேருந்து மேடம்."

"இத்தனை வருஷமா நமக்குத் தெரியாம கவுன்சலிங் பண்ணிக்கிட்டு இருந்திருக்கு! என்ன தகுதி அதுக்கு?"

"தேக்கு மேடம்."

அந்த வாரமே பெஞ்சைப் பெயர்த்தோம். அறுபது தனித்தனி நாற்காலிகளைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கினோம். எல்லாம் சுவரைப் பார்த்தபடி. இரண்டு நாற்காலிக்கு நடுவே தடுப்பு. காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி, அதில் கடல் அலையின் ஓசை. சுவரில் பலகை: 'உங்கள் அந்தரங்கம் உங்கள் உரிமை. பேசாதீர்கள்.'

பலன் கைமேல் கிடைத்தது. அடுத்த மாதம் இடையில் போனவர் ஒருவர்கூட இல்லை. அறுபது பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிட்டதும் உள்ளே போனார்கள். எண்பத்து நான்கு கேள்விகளுக்கும் பதில் சொன்னார்கள். மறு வாரமும் தவறாமல் வந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. பாராட்டு விழாவில் மேடம் என்னை இணை இயக்குநராக அறிவித்து, லிஃப்ட் சாவியையும் ஒரு கேடயத்தையும் கொடுத்தார். நல்ல மரத்தை வீணாக்கக் கூடாது என்று அந்தப் பெஞ்சின் தேக்கிலேயே கேடயம் செய்திருந்தார்கள். 'காத்திருப்போர் நலச் சீரமைப்புக்காக' என்று பொன் எழுத்தில் பொறித்திருந்தது.

மறுநாள் காலை கேடயத்தை அக்காவிடம் காட்டலாம் என்று சமையலறைக்குப் போனேன். மேசையில் இரண்டு டம்ளர்கள் இருந்தன. ஒன்றில் ஆடை கட்டியிருந்தது.

"என்னக்கா, மறுபடியும் தூக்கம் வரலையா?"

"வரலடா."

"எங்க மையத்துக்கு வாயேன். நான் சொன்னா டோக்கன் இல்லாமலே பார்ப்பாங்க."

"அங்கதான்டா போயிட்டிருந்தேன். புதன்கிழமை தவறாம."

நான் உட்கார்ந்துவிட்டேன். "எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"அக்கா ஆபீஸ்ல வந்து அழறாளேன்னு உனக்கு ஒரு மாதிரியா இருக்கும்ல? அதான்."

"எந்தக் கவுன்சலரைப் பார்த்தே?"

"அப்பெல்லாம் உள்ளயே போனதில்லடா. வெளியில ஒரு பெஞ்சு இருந்துச்சு. ஒரு நர்ஸ் பொண்ணு வரும், ஒரு டிரைவர் வருவாரு. உங்க அத்தான் கடைசி நாள் என்ன பேசினாரு, என்ன கேட்டாருன்னு நான் முழுசா வாய்விட்டுச் சொன்னது அங்க மட்டும்தான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்ல வந்தேன். நீ புக்கு குடுத்தே."

நாற்காலியின் முதுகில் அவளுடைய பச்சைத் துணிப்பை தொங்கியது. ஊக்கு வெயிலில் மின்னியது. அந்தப் பை எத்தனையோ மாதமாக அங்கேதான் தொங்குகிறது. நான் அன்றுதான் பார்த்தேன்.

"போன மாசமும் போனேன்" என்றாள் அக்கா. "சுவரைப் பார்த்து உட்கார வச்சாங்க. காதுல கடல் சத்தம். தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ அழற மாதிரி இருந்துச்சு. நர்ஸ் பொண்ணோ என்னவோ, எட்டிப் பார்க்க முடியல. அப்புறம் உள்ள கூப்பிட்டு எண்பத்து நாலு கேள்வி கேட்டாங்கடா. உங்க அத்தான் பேர் என்னன்னு ஒருத்தரும் கேக்கல."

கேடயத்தை மேசைக்கடியில் மறைக்கப் பார்த்தேன். அவள் அதற்குள் வாங்கிக்கொண்டாள். எழுத்தைப் படித்தாள். பிறகு திருப்பி, பின்பக்க மரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பல வருடம் பலர் உட்கார்ந்து வழவழத்த மரம் அது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அந்தப் பெஞ்சை எடுக்கச் சொன்னது நீயாடா?"

கேள்விக்கு மூன்று விடைகள் இருந்தன. முதலாவது உண்மை. இரண்டாவது பொய். படிக்காதவனாக இருந்தால் முதலாவதைச் சொல்லிவிட்டு அவள் காலடியில் விழுந்திருப்பேன். நான் பட்டம் பெற்றவன்.

"பொருந்தாதுக்கா" என்றேன்.