மகாராணி ஆஜராகவில்லை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீ, மாப்பிள்ளை, பேத்தி மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், அம்மாவும் நலம். போன கடிதத்தில் இதே வாக்கியத்தை எழுதியபோது இரண்டு நலமும் வேறு வேறு அறையில் இருந்தன. இப்போது ஒரே அறையில் இருக்கின்றன. ஆகவே, அடுத்த மாதம் பெட்டியோடு வந்து உன் வீட்டிலேயே தங்கிவிடுவதாக நான் எழுதியது இதன் மூலம் ரத்து செய்யப்படுகிறது. சின்ன அறையில் எனக்காகக் கட்டில் போட்டிருந்தால் எடுத்துவிட்டு, பழையபடி துணி உலர்த்திக்கொள்.

நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. முப்பத்தொரு வருஷம் கோர்ட் வாசலில் நின்று, வாதி, பிரதிவாதி, சாட்சி என்று ஒவ்வொரு பெயரையும் மூன்று மூன்று தடவை கூப்பிட்டவன் நான். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தும் கோர்ட் என்னை விட்டுப் போகவில்லை. போன மாதம் உன் சித்தி வந்திருந்தாள். "முட்டி வலி எப்படிக்கா இருக்கு?" என்று அம்மாவைக் கேட்டாள். அம்மா முட்டியில் ஆரம்பித்து, டாக்டர், டாக்டருடைய நாற்காலி, டாக்டருடைய மனைவி, அவள் புதிதாக வாங்கிய கைப்பை வரைக்கும் போய்விட்டாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு" என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை. கோர்ட்டில் தினமும் காதில் விழுந்தது, தானாக வந்துவிட்டது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரி. இனிமே கேட்டாலும் பதில் கிடையாது" என்றாள்.

அதுதான் கடைசி. பத்தொன்பது நாள்! சாப்பாடு ஆறினால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "சாப்பிடறவங்க சாப்பிடலாம்" என்பாள். பால் தீர்ந்தால் ஃபிரிட்ஜிடம் சொல்வாள். நான் மட்டும் லேசுப்பட்டவனா, ஃபிரிட்ஜ் மூலமாகவே பதில் அனுப்பினேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன் மகளே, வீடு வெறிச்சென்று இருந்தது. அவள் பேச்சு நீளம் என்று குறைபட்ட எனக்கு, அந்த நீளத்தில்தான் என் நாள் ஓடிக்கொண்டிருந்தது என்பது தெரியாமல் போயிற்று.

இந்த லட்சணத்தில் நூலகர் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். நம் தெருமுனை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு கதையையோ சரித்திரத்தையோ எடுத்து ஆளுக்கொரு பாத்திரமாக நின்று வாசிப்பார்கள். வேஷம் கிடையாது, கையில் தாள், அவ்வளவுதான். "சார், உங்க குரல் வீணாப் போகக் கூடாது, இந்தத் தடவை ராஜா நீங்கதான்" என்றார். எதிரிகள் சூழ்ந்த கோட்டையில் ராஜா காத்திருக்கிறார், மகாராணி சுரங்க வழியாக வந்து சேருகிறாள். மகாராணியாக வாசிக்க இருந்தது மருந்துக்கடைப் பெண்மணி. பன்னிரண்டு நாள் நம் கூடத்தில் நின்று ராஜாவையும் நானே, மகாராணியையும் நானே வாசித்துப் பழகினேன். சமையலறையில் பாத்திரங்கள் டமார் டமார் என்று விழுந்தன. அதை விமர்சனமாக எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வந்துவிட்டார்கள். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு நேர் கீழே என்னை நிறுத்தினார்கள். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், உன் அம்மா! ஏதோ புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தவள் போல மடியில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து, மருந்துக்கடைப் பெண்மணிக்குத் தொண்டை கட்டிக்கொண்டதாகத் தகவல் வந்தது. மருந்துக்கடையில் இருப்பவளுக்கே இந்தக் கதி என்றால் நாமெல்லாம் எங்கே போவது? "நீங்க ஆரம்பிங்க சார், மகாராணி வர்றதுக்குள்ள ஆள் பாத்துடறேன்" என்றார் நூலகர் அம்மா.

வாசித்தேன். கணீரென்று வாசித்தேன். மாடியில் யாரோ புத்தகத்தைக் கை நழுவ விட்டார்கள். கோட்டைச் சுவர் இடிந்தது, தானியம் தீர்ந்தது, மகாராணி வரவேண்டிய இடமும் வந்தது, மகாராணியைக் காணோம். அந்த இடத்தில் ராஜா 'மகாராணி எங்கே?' என்று மெல்லக் கேட்க வேண்டும். ஆனால் வர வேண்டியவர் வரவில்லை என்றால் இந்த வாய்க்குத் தெரிந்தது ஒன்றுதானே! வாசல் பக்கம் திரும்பி, கையைக் குவித்து, "மகாராணீ..." என்றேன். மறுபடியும், "மகாராணீ..." முன்வரிசைப் பெரியவர் நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார். மூன்றாவது தடவையும் பதில் வராவிட்டால் 'ஆஜராகவில்லை' என்று அறிவித்துவிட வேண்டும், அதுதான் வழக்கம். அப்போதுதான் கதவருகே அம்மாவின் முகம் தெரிந்தது. மகளே, முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாளும் உடையாத குரல் உடைந்துவிட்டது. மூன்றாவது 'மகாராணி' எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"வந்துட்டேன், வந்துட்டேன். ஊரைக் கூட்டாதீங்க" என்று எழுந்தாள் அம்மா.

தாளே இல்லாமல் வந்து நின்றாள். தாளில் மகாராணிக்கு இருந்தது ஆறே வரி. ஆறையும் அட்சரம் பிசகாமல் சொன்னாள். அதற்கு மேல் கால் மணி நேரம் பேசினாள். சுரங்கத்தின் ஈரம், முட்டி வலி, வழியில் பார்த்த தளபதியின் மனைவி, அவள் வைத்திருந்த கைப்பை, ஒன்றையும் விடவில்லை. நூலகர் அம்மா கடிகாரத்தைக் காட்டிக் காட்டிப் பார்த்தார். ராஜா தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "இன்னும் ஏதாவது சொல்லணுமா?" என்று நானே கேட்டேன். "நிறைய இருக்கு, வீட்டுக்கு வாங்க" என்றாள். அந்தக் கோட்டை பிழைத்ததா விழுந்ததா என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

இது முழுக்க முழுக்க என் குரலின் வெற்றி என்பதை நீ ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மா பாவம், தற்செயலாக வந்து மாட்டிக்கொண்டவள். நீங்கள் எல்லோரும் குறைவில்லாமல் இருக்க என் ஆசிகள். பேத்திக்கு முத்தம். நீ பேசும்போது பேப்பரை மடித்து வைக்கும்படி மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: இதை எழுதுவது அம்மா. தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார், ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். மருந்துக்கடைக்காரியின் தொண்டைக்கு ஒன்றுமே இல்லை. நான்தான் அவளை வர வேண்டாம் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து உன் அப்பா என்னை 'இங்க பாரு' என்றுதான் கூப்பிட்டு வருகிறார். ஊரில் உள்ளவர்களையெல்லாம் வாசலில் நின்று கூப்பிட்ட மனுஷன், ஆள் வராவிட்டால் கூப்பிடாமல் இருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். முதல் தடவையே எழுந்திருப்பேன். மூன்றையும் கேட்டுவிட்டுப் போகலாமே என்று உட்கார்ந்திருந்தேன். அவரிடம் சொல்லிவிடாதே.